என்னை விசாரிக்க வந்த உலகம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெடியனுக்குப் பெண் கொடுக்கும் முன் அவனை விசாரிப்பார்கள். விசாரணை என்றதும் உங்களுக்குப் பொலிஸ் நிலையம் நினைவுக்கு வந்தால் அதில் பெரிய பிழை இல்லை. பெண் வீட்டார் நம்பிக்கையான ஒருவரைப் பெடியனின் ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தான் யாரென்று சொல்லமாட்டார். சந்தியில் இறங்குவார், ஒரு தேத்தண்ணி குடிப்பார், சலூனில் முகம் வழிப்பார், பேச்சோடு பேச்சாக "உந்தப் பச்சைக் கேற் வீட்டுப் பெடியன் ஆள் எப்பிடி?" என்று ஒரு வார்த்தை போடுவார். மிச்சத்தை ஊரே சொல்லிவிடும். பிறகு பஸ் ஏறிப் போய்விடுவார். அவர் வந்ததும் பெடியனுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

என் விஷயத்தில் அந்த அழகு கெட்டுப்போனது. எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அவள்தான் சொன்னாள். நானும் அவளும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. படித்து முடித்ததும் அவளுக்கு வவுனியாவில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்கு வழக்கம்போல ஒன்றும் கிடைக்கவில்லை. அரச நியமனம் வரும்வரை புதுக்குடியிருப்பில் ஒரு ரியூசன் கொட்டகையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய வீடு மல்லாவியில். ஒருநாள் துணிந்து வீட்டில் எங்கள் கதையைச் சொல்லிவிட்டாள். அடுத்தநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"அப்பா ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. 'ஆளை விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்' எண்டவர்."

"ஆர் வருவினம்?"

"தெரியாது."

"எப்ப?"

"கேட்டாச் சொல்லுவாரே? அவர் என்ன கலியாணக் காட் அடிச்சே ஆளை அனுப்பப்போறார்? நீர் ஒண்டும் செய்யவேண்டாம். எப்பவும்போல இரும். காணும்."

எப்பவும்போல இரும்! இதைவிடக் கடினமான கட்டளையை எனக்கு யாரும் இட்டதில்லை. எப்பவும்போல இருப்பதற்கு நான் எப்பவும் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. அன்று பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என் கண்ணால் அல்ல, பெயர் தெரியாத, முகம் தெரியாத அந்த மனிதரின் கண்ணால் பார்த்தேன். ஐயோ! காதுக்கு மேலே கோடு இழுத்து வெட்டிய தலைமயிர். மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு ரீசேட். வெளியே ஒரு பக்கக் கண்ணாடி இல்லாத மோட்டார் சைக்கிள், அதுவும் சத்தத்துக்காகவே துளைபோட்ட சைலன்சரோடு. முதல்நாள்வரை இவையெல்லாம் ஸ்டைல். இப்போது ஒவ்வொன்றும் எனக்கு எதிரான சாட்சி.

அன்றோடு ஊர் மாறியது. ஊரில் ஒரு கல்லும் அசையவில்லை, ஆனாலும் மாறியது. அதற்கு முன் நான் வேலையில்லாப் பட்டதாரி. சந்தியில் யாராவது "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டால் அதற்குள் ஒரு முள் இருக்கும். கேட்டவருக்கு அது தெரியாது, எனக்குத்தான் குத்தும். நெல் ஏற்றிய லொறி ஹோர்ன் அடித்தால்கூட "வேலையில்லாதவனே, விலகு" என்று அடிப்பதாக இருக்கும். இப்போது அதே கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆகா, இவர்தான்! அப்படி நினைத்து, வகுப்பில் படிப்பிக்கும் உயிரினங்களின் பாகுபாட்டில் தொடங்கி, நியமனம் எந்த மாதம் வரக்கூடும் என்பதுவரை விளக்கமாகச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் தப்பி ஓட வழி பார்த்தார்கள்.

வெளியூர் ஆட்கள் எங்கள் சந்திக்குப் புதியவர்கள் அல்லர். வான் நிறையப் பிளாஸ்டிக் சாமான் கொண்டுவருபவர்கள், கரையிலிருந்து பெட்டி கட்டி மீன் கொண்டுவருபவர்கள், தவணைக் காசு கேட்டு வரும் லீசிங்காரர்கள், றோட்டு அளக்கிறவர்கள் என்று நாள் முழுக்க வந்துபோவார்கள். இதற்கு முன் நான் அவர்களில் ஒருவரின் முகத்தையும் பார்த்ததில்லை. இப்போது எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது.

ஒருநாள் குடையோடு ஒரு பெரியவர் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். தோய்த்து மடித்த வேட்டி, கையில் சின்னப் பை. விசாரிக்க வருகிறவருக்கு இலட்சணம் எழுதச் சொன்னால் நான் இவரைத்தான் எழுதியிருப்பேன். மோட்டார் சைக்கிளை அவருக்கு முன்னால், மெதுவாக, சிக்னல் போட்டு நிறுத்தினேன்.

"தம்பி, ஒட்டுசுட்டான் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"இப்ப வந்திடும் ஐயா. நான் குடிக்கிறேல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நானும் இல்லைத் தம்பி" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்.

என் மச்சான், அதாவது அத்தையின் மகன், அதே சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். விஷயத்தை அவனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு நின்றிருக்கும்.

"டேய், அப்ப வாறவர் என்னட்டைத்தான் கேப்பார்" என்றான், உடைந்த போன் ஒன்றை உருப்பெருக்கிக்குள் வைத்துப் பார்த்தபடி. "சந்தியில உன்ர வயசில கடை வச்சிருக்கிறது நான்தானே. எனக்கு இப்ப கோழிக் கொத்துரொட்டி சாப்பிடவேணும் போல ஒரு யோசினை."

"வாங்கித் தராட்டி?"

"வாங்கித் தராட்டி உண்மையைச் சொல்லுவன்."

"என்னடா உண்மை?"

"அது எனக்கு இன்னும் தெரியாது. அவர் கேக்கேக்க வாயில என்ன வருதோ அதுதான்."

கொத்து வாங்கிக் கொடுத்தேன். அடுத்தநாளும் கேட்டான், கொடுத்தேன். அவனுடைய கடைக்கு அடுத்தது தேத்தண்ணிக் கடை. அங்கே எப்போதும் யாராவது தெரியாத முகம் பேப்பருக்குப் பின்னால் இருக்கும். யார் அந்த ஆள் என்று தெரியாதபடியால் கடையில் இருக்கிற எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லத் தொடங்கினேன். உள்ளே போகும்போதே இரண்டு கையையும் கூப்பி ஒரு பொது வணக்கம். அதில் ஒருவரும் தப்பமுடியாது. தனித்தனியாக வணங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்ற பயம்.

வீட்டில் அம்மாவுக்கும் இது தொற்றிவிட்டது. வருகிறவர் என்னைப் பார்க்க அல்ல, தன் குசினியைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அலுமாரிக்குள் பத்திரமாக இருந்த கோப்பைகள் வெளியே வந்தன. யன்னல்களுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டார். வேலியோரம் யாராவது போனால் போதும், கோழிகளைக்கூட "வாங்கோ, வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கோழிகள் பயந்து வராமல் நின்றன.

"மண்டையோட்டுச் சேட்டை அங்கால எறி" என்றார் என்னிடம். "மாப்பிளை எண்டா வெள்ளைச் சேட். அப்பதான் ஒரு மதிப்பு."

கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, தினமும் ஒரு வெள்ளைச் சேட் எனக்காகக் கதிரையில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போனால் நடையே வேறு. ஆச்சிமாருக்குப் பஸ்ஸை மறித்துக் கொடுத்தேன். யாருடைய அரிசி மூட்டையையோ கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் வைத்தேன். அது ஓட்டோவில் ஏற்றவேண்டிய மூட்டை அல்ல, இறக்கிவைத்த மூட்டை என்று பிறகு தெரிந்தது. குழந்தைகளின் கன்னத்தைத் தட்டினேன். ஒரு செத்தவீட்டில் கதிரை அடுக்கினேன். செத்தவர் யாரென்று திரும்பி வரும்போதுதான் கேட்டேன்.

ரியூசன் வகுப்பில் அந்தக் கிழமை பாடம் கண். விழித்திரையில் விம்பம் தலைகீழாகத்தான் விழும், மூளைதான் அதை நிமிர்த்தி எடுக்கிறது என்று படம் கீறி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், அப்ப மூளை தன்ர விருப்பத்துக்கு மாத்தி எடுத்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அருமையான கேள்வி. எத்தனையோ நாள் காத்திருந்தாலும் இப்படி ஒரு கேள்வி வராது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தநேரம் பார்த்துக் கொட்டகைக்கு வெளியே ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். என் குரல் தானாக உயர்ந்தது. "மாணவச் செல்வங்களே, ஒழுக்கமே கல்வியின் ஆணிவேர்" என்று தொடங்கிக் கடைசிவரை கண்ணுக்குத் திரும்பவே இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வகுப்பு முடிந்ததும் அந்த ஆள், கேள்வி கேட்ட பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அவளுடைய தகப்பன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. காலையில் எழும்பும்போதே நெஞ்சுக்குள் மேளம். யாரோ ஒருவர் எனக்காகப் பஸ் ஏறி வரப்போகிறார்! என்னை ஒரு பொருட்டாக நினைத்து, என் பெயரை உச்சரித்து, நான் நல்லவனா என்று இந்த ஊரைக் கேட்கப்போகிறார்! வேலையில்லாதவனாக இருந்தபோது அதே சந்தி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. மாப்பிள்ளையானதும் முகத்தைக் காட்டியது. நான் என்னை என்னவாக நினைத்தேனோ, ஊரும் அதற்கேற்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றது.

பிறகு அவளுடைய அழைப்பு வந்தது. ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை.

"நீர் எலெக்சனுக்கு நிக்கிறீரா?"

"என்ன?"

"உண்மையைச் சொல்லும். பிரதேச சபைக்கு நிக்கிறீரா இல்லையா?"

"உமக்கென்ன விசரா?"

"எனக்கு விசரில்லை. அப்பா அனுப்பின ஆள் வந்து பாத்திட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சேட்டாம், கைகூப்பிக் கும்பிடுறாராம், மூட்டை தூக்குறாராம், பிள்ளையளின்ர கன்னத்தைத் தட்டுறாராம். கடையில இருந்த எல்லாருக்கும் தேத்தண்ணியாம். அவருக்கும் ஒண்டு வந்ததாம்! ஏன் இந்தப் பெடியன் இப்பிடிச் செய்யிறான் எண்டு கடைக்காரனைக் கேட்டிருக்கிறார். 'ஆருக்குத் தெரியும், எலெக்சன் கேக்கப்போறானோ என்னமோ' எண்டு அவன் சொல்லியிருக்கிறான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"சித்தப்பா ஒருக்கா நிண்டவர். நிண்டு தோத்து, உழவு மெசினும் போய், சொந்தக்காரரோட கதையும் போச்சு. அண்டையில இருந்து அப்பாவுக்கு அரசியல் எண்டாலே ஆகாது. 'அரசியல் செய்யிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்' எண்டிட்டார். மாட்டனெண்டா மாட்டார்தான். எனக்கு அவரைத் தெரியும்." குரல் உடைந்தது. "நான் சும்மா இருக்கச் சொன்னனான்தானே. உம்மால சும்மா இருக்கக்கூட ஏலாதா?"

போனை வைத்துவிட்டாள். எனக்குள் இருந்த மேளம் அப்படியே நின்றது. பொய் சொல்லி, குடித்து, சண்டை பிடித்துக் கெட்டவர்கள் உண்டு. நல்லவனாக நடித்துக் கெட்டவன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் ஏற்றிக்கொண்டு மல்லாவிக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சேட் போடவில்லை. நீலக் கோடு போட்ட ஒரு சாதாரணச் சேட். ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் வரும்வரை மச்சான் பின்னாலிருந்து புத்தி சொன்னபடியே வந்தான்.

"கும்பிடாத. சிரிக்காத. அவை தந்தாலொழிய ஒண்டும் தூக்காத. விளங்கிச்சோ தலைவரே?"

"தலைவரே எண்டாதடா. அங்கயும் வாய் தவறிச் சொல்லிப்போடுவாய்."

"சரி தலைவரே."

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அவளுடைய அப்பா முற்றத்தில் தண்ணி இறைக்கிற பம்மைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மகள் படம் காட்டியிருக்க வேண்டும், உடனே ஆளை அடையாளம் பிடித்துவிட்டார்.

"வோட்டுக் கேட்டு மல்லாவிக்கும் வந்தாச்சோ?"

என் கைகள் தாங்களாகவே கூப்பப் போயின. மச்சான் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து இழுத்தான். நான் பாதிக் கும்பிட்டோடு அப்படியே நின்றேன்.

"ஐயா, நான் எலெக்சன் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்."

"அப்ப ஏன் தம்பி ஊர் முழுக்கத் தேத்தண்ணி வாத்தனீர்?"

"நீங்கள் ஆளை அனுப்பப்போறியள் எண்டு எனக்குத் தெரியும். ஆரெண்டு தெரியாது. அதுதான்... எல்லாருக்கும் வாத்தன்."

அவர் கையிலிருந்த துணியை மடியில் வைத்தார். "எல்லாருக்கும்?"

"ஓம் ஐயா. ஆரெண்டு தெரிஞ்சிருந்தா அவருக்கு மட்டும் வாங்கிக் குடுத்திருப்பன்."

"இந்த உலகத்தில அப்பிடி ஒருதன் செய்வானே? என்னைப் பாத்தா விசரன் மாதிரிக் கிடக்கே உமக்கு?"

"ஐயா," என்றான் மச்சான், "இவன் எலெக்சனுக்கு நிண்டா நானே போடமாட்டன். சொந்த மச்சான் நான்."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நாங்கள் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் நின்றோம். இருங்கோ என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் ஓடி வந்தது இதற்குத்தானா என்று நினைத்தேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அவளுடைய அம்மா தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஏனப்பா செய்யமாட்டினம்? நீங்கள் செய்யேல்லையோ?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கவேணும்? தம்பி, கேளுங்கோ. பிள்ளை வந்து கதையைச் சொன்ன நாளில இருந்து, உங்கட பக்கத்தால எங்களை விசாரிக்க ஆள் வரும் எண்டு இவருக்கு ஒரே யோசினை. கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சார். ஒருநாள் கதிரை விக்கிற ஒருதன் வந்தவன். வானில, பிளாஸ்டிக் கதிரை. இவர் என்னட்டை வந்து, 'பாத்தியே, கதிரைக்காரன் மாதிரி வந்திருக்கிறாங்கள், கெட்டிக்காரர்' எண்டுறார்!"

அவளுடைய அப்பா மீண்டும் பம்மைத் துடைக்கத் தொடங்கினார். மிக வேகமாக.

"அவனைக் கூட்டிக்கொண்டு போய் வயலைக் காட்டி, கிணத்தைக் காட்டி, தென்னை எல்லாம் காட்டி, பத்திரம் ஒழுங்கா இருக்கு, ஒரு வில்லங்கமும் இல்லை எண்டும் சொல்லி, சோறும் குடுத்து அனுப்பினவர். அவன் சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு, 'அப்ப ஐயா, காணியை என்ன விலை சொல்லுறியள்?' எண்டு கேக்கிறான்!"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு தென்னை மரத்துப் பக்கம் திரும்பினான். தோள் மட்டும் குலுங்கியது. நான் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் தண்ணீர் வந்தது. விறாந்தையில் ஒரு வரிசை புதுக் கதிரைகள் பொலித்தீன்கூடக் கழற்றாமல் இருந்ததை அப்போதுதான் கண்டேன். ஒரு கல்யாணத்துக்கே போதும்.

"அவன் உங்கட ஆள் இல்லையே?" என்று அவர் பம்மைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லை ஐயா. நாங்கள் ஒருதரையும் அனுப்பேல்லை."

"பொரிச்ச விரால் எல்லாத்தையும் அவனுக்கே போட்டனான்" என்றார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. பிறகு அந்தத் துக்கம் மீசைக்கடியில் மெல்ல நெளிந்தது. மனுசன் சிரித்துவிட்டார். சத்தமில்லாமல், வயிறு மட்டும் ஆட, நீளமாகச் சிரித்தார். ஒரே வருத்தம் பிடித்த இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கண்டுகொண்டதுபோல என்னைப் பார்த்தார்.

"இருங்கோ தம்பி" என்றார் கடைசியில். "நிக்கிறியள் ஏன்?"

புதுக் கதிரைகளில் இருந்தோம். பொலித்தீன் சரசரத்தது. நியமனம் எப்போது வரும், ரியூசனில் எத்தனை பிள்ளைகள், வயல் வேலை ஏதாவது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நேராக, முகத்துக்கு முன்னால், தானே கேட்டார். வயல் வேலை தெரியாது என்றேன். அது அவருக்குப் பிடித்ததுபோல இருந்தது. வெளிக்கிடும்போது கேற்வரை வந்தார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். "நாள் ஒண்டு பாப்பம்."

மல்லாவிப் பஸ் தரிப்பிடம்வரை எப்படி வந்தேன் என்று தெரியாது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் அடித்தேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

"பொறும். அப்ப என்னை விசாரிக்க ஆர் வந்தது?"

"உம்மையோ? ஒருதரும் வரேல்லை."

"ஒருதருமே இல்லையோ?" குரல் ஏறியது. "இவ்வளவு நாளும் ஒருதரும் வரேல்லையோ? அப்ப நான் ஏன் தங்கியிருக்கிற போர்டிங் வீட்டு அன்ரிக்கு ஒவ்வொரு நாளும் தேங்காய் துருவிக் குடுத்தனான்? ஒஃபீசில நகம்கூடக் கடிக்காம இருந்தனான், தெரியுமே உமக்கு!"

"ஆரும் வந்தவை எண்டு நினைச்சீரே?"

"ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சும் வச்சிருந்தனான்! ஒருதர் தண்ணிப் போத்தில் கொண்டுவாறவர்!"

எனக்கு வயிறு நோகுமளவுக்குச் சிரிப்பு வந்தது. "தேங்காயோ? நீரோ? தண்ணிப் போத்தில்காரருக்கோ?" என்று றோட்டிலேயே நின்று கத்திக் கத்திச் சிரித்தேன். மச்சான் என் சேட்டைப் பிடித்து இழுத்தான்.

"டேய், மெல்லக் கதை. எல்லாரும் உன்னைத்தான் பாக்கினம்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். மாங்குளம் பஸ்ஸின் யன்னல் முழுக்க முகங்கள், மரக்கறிக் கடைக்காரி, றைவர், கொண்டக்டர், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார்களோ, எனக்குத் தெரியவே இல்லை.

"ஹலோ? கேக்குதே?" என்றாள் அவள். "நான் பகிடிக்குச் சொல்லேல்லை. என்னை விசாரிக்க ஆரை அனுப்பப்போறீர் எண்டு சொல்லும்."